மார்க்கெட் போனது அவர்களுக்குத் தெரியாதா?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். ஒரு காலத்தில் கதாநாயகனாக இருந்தவர்கள் வயதாகி, வாய்ப்பு நின்று, ஊரே மறந்த பிறகும் ஏன் அந்தப் பழைய நாட்களையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், மார்க்கெட் போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாதா என்பது ஒன்று. எழுபதுகளில் சில படங்களில் நாயகனாக நடித்த உங்கள் பெரியப்பா இன்றும் வெளியே கிளம்பினால் டை அடித்து, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, யாராவது அடையாளம் கண்டுகொள்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார், வீட்டில் என்ன பேச்சு ஆரம்பித்தாலும் அது கடைசியில் அவருடைய நூறாவது நாள் விழாவில் போய் நிற்கிறது, அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தெரியும். நமக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். படம் ஓடவில்லை என்பது பேப்பரில் வருவதற்கு முன்பே, அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் கொண்டு வருகிறேன் என்ற தயாரிப்பாளர் "கதையை இன்னும் கொஞ்சம் சரி பண்ணிட்டு வர்றோம் சார்" என்று சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிடும். ஒரு ஏரியாவை இவ்வளவுக்கு எடுத்த விநியோகஸ்தர் அடுத்த படத்துக்குப் பாதி விலைதான் பேசுகிறார் என்ற சேதி மேனேஜர் வழியாக அன்று மாலையே வந்துவிடும். டைட்டிலில் படத்தின் பெயருக்கு முன்னால் வந்துகொண்டிருந்த பெயர் பின்னால் போகும், அப்புறம் "இவர்களுடன்" என்ற வரிக்குப் போகும், அப்புறம் "கௌரவத் தோற்றம்". பார்க்கிற நமக்கு இது வெறும் எழுத்து வரிசை. அவருக்கு அது சம்பளப் பட்டியல் மாதிரி, எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கறாராகச் சொல்லிவிடும்.

இசை வெளியீட்டு விழாக்களில் கவனித்துப் பாருங்கள். பழைய நடிகர் ஒருவர் உள்ளே வருவார். முன்வரிசையில் சோபா போட்டிருக்கும். அவர் நேரே போய் உட்கார மாட்டார், ஒரு விநாடி நிற்பார். யாராவது ஓடி வந்து "சார், இங்க வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்களா என்று பார்ப்பதற்கான விநாடி அது. அழைத்தால் முகம் மலரும். அழைக்காவிட்டால் இரண்டாவது வரிசையில் தெரிந்தவர் யாரோ இருப்பது போலக் கையசைத்துவிட்டு அங்கே போய் உட்காருவார். அந்த இடத்தில் தன் நிலைமை அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

சரி, தெரிந்தும் ஏன் இறங்கி வருவதில்லை? என் பதில் இதுதான். கதாநாயகன் என்பது நடிப்பில் ஒரு வகை வேடம் என்று நாம் நினைக்கிறோம். நடைமுறையில் அது ஒரு பதவி. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் அடுத்த இருபது வருஷத்துக்கு வேறு எதையும் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இருப்பதில்லை. வங்கியில் படிவம் நிரப்புவது, ரயில் டிக்கெட் எடுப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் செய்ய வேண்டிய ஒரே வேலை அவராக இருப்பது. நடிகனாக இருந்தவருக்கு வேடம் மாறினாலும் தொழில் கையில் இருக்கும். பதவியில் மட்டும் இருந்தவருக்கு அது போனால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இந்த இரண்டு பேரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதால்தான் ஒருவர் எழுபது வயதில் அருமையாக நடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஐம்பதிலேயே உடைந்து போவது நமக்குப் புதிராகத் தெரிகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. உச்சத்தில் இருக்கும் ஒரு நடிகரைச் சுற்றி ஒரு சின்னப் பொருளாதாரமே ஓடும். மேக்கப்மேன், டச்சப் உதவியாளர், காஸ்ட்யூமர், டிரைவர், மேனேஜர், கூட வரும் நண்பர்கள். இதில் பலருக்கு தினப்படி பேட்டாவைத் தயாரிப்பாளர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். நாயகன் அப்பா வேடத்துக்கு ஒத்துக்கொண்ட அன்றைக்கே அந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும், அத்தனை பேருக்கு எந்தத் தயாரிப்பாளரும் பேட்டா தர மாட்டார். அதனால் அண்ணன் இன்னும் இளமையாக இருக்கிறார், இந்தப் படம் தேதி சரியில்லாமல் போய்விட்டது, அடுத்தது நிச்சயம் தூக்கும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், பாதிப் பேர் அதை நம்பவும் செய்வார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் வயிற்றில் அடி விழும் என்று இருப்பவர்களிடம் உண்மையை எதிர்பார்க்க முடியாது.

1950-ல் வந்த 'சன்செட் பொலிவார்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் இந்த விஷயத்தைப் பிடித்திருப்பார்கள். மௌனப்பட காலத்து நாயகி ஒருத்தி பெரிய மாளிகையில் பழைய புகழோடு அடைந்து கிடக்கிறாள், தினமும் ரசிகர் கடிதங்கள் வருகின்றன, பிறகுதான் தெரிகிறது அத்தனையும் வீட்டு வேலைக்காரர் எழுதியவை என்று. பெரும்பாலானவர்கள் அந்தப் படத்தைப் பைத்தியம் பிடித்த ஒரு நடிகையின் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் படத்தின் மையம் அந்தக் கடிதங்கள்தான். அன்பால் செய்கிறார், ஆனால் அவளை அந்த வீட்டைவிட்டு வெளியே வரவிடாமல் வைத்திருப்பதும் அதே அன்புதான். இன்னொரு தகவலும் சொல்ல வேண்டும். அந்த வேடத்தில் நடித்த குளோரியா ஸ்வான்சன் நிஜமாகவே மௌனப்பட காலத்து உச்ச நட்சத்திரம், படம் எடுக்கும்போது வயது ஐம்பது. ஆனால் நிஜ வாழ்க்கையில் அவர் அப்படி மாளிகைக்குள் அடைந்து கிடக்கவில்லை. சினிமா வாய்ப்பு குறைந்ததும் சொந்தத் தொழில், வானொலி, தொலைக்காட்சி, நாடகம் என்று போய்விட்டவர். தன்னால் நகர முடிந்ததால்தான், நகர முடியாத ஒருத்தியை அவ்வளவு தைரியமாக நடிக்க முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

நம் பக்கத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்பேன். 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு வந்த படம். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நாயகன், டி.ஆர். ராஜகுமாரி தாசி வேடம், நகைச்சுவைக்கு என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' பாட்டை இன்றைக்கும் போட்டுப் பாருங்கள். பாகவதர் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார், தலைமுடி தோள் வரை, பட்டு, நகை, முகத்தில் ஒரு சிரிப்பு, அப்படியே நின்றும் நடந்தும் பாடுவார். ராஜகுமாரி ஆடுவார், பறக்கும் முத்தம் ஒன்று கொடுப்பார், அது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. அந்தக் குரல் இருந்ததால் அவர் வேறெதுவும் செய்யத் தேவையே இருக்கவில்லை.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, அந்த நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-ல் ஆயுள் தண்டனை பெற்று, அன்றைக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகு 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். அதாவது பிராட்வேயில் இரண்டாவது தீபாவளிக்கும் மூன்றாவது தீபாவளிக்கும் கூட்டம் வந்தபோது திரையில் பாடிக்கொண்டிருந்தவர் நிஜத்தில் சிறையில் இருந்தார். வெளியே அவர் இல்லாமலே அவருடைய புகழ் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும் என்று ஒரு மனுஷன் நம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த இரண்டரை வருஷத்துக்குள் சினிமா இடம் மாறிவிட்டது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பாகவதரின் வீழ்ச்சியைச் சிறைக் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. பாகவதர் வளர்ந்தது, நடிப்பவரே பாட வேண்டும் என்றிருந்த காலத்தில். 1934-ல் அவர் அறிமுகமான 'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டு. வசனம் என்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி. 1937-ல் வந்த 'சிந்தாமணி' ஓடிய ஓட்டத்தில் வந்த லாபத்தைக் கொண்டு மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரே கட்டினார்கள். பாபநாசம் சிவன் பாட்டெழுத, இவர் பாட, ஊர் ஊராக ஜனங்கள் அந்தப் பாட்டை மனப்பாடம் செய்தார்கள். பிறகு நாற்பதுகளின் கடைசியில் பின்னணிப் பாடல் பரவலாகிவிட்டது. பாட ஒருவர், நடிக்க ஒருவர். கூடவே வசனம் மேலே வந்தது, 1949-ல் அண்ணாவின் 'வேலைக்காரி', 1952-ல் கலைஞர் வசனத்தில் 'பராசக்தி'. பராசக்தியில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். புது நாயகன் பாடவே வேண்டாம், நீதிமன்றத்தில் நின்று பேசினால் போதும், தியேட்டர் அதிர்ந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பாகவதரின் குரல் பாணிக்கு அப்போதும் மவுசு இருந்தது, அந்தப் பாணி மட்டும் அவரைவிட்டுத் தனியாகக் கழன்று போய்விட்டது. டி.எம். சௌந்தரராஜனின் முதல் சினிமாப் பாட்டு, 'கிருஷ்ண விஜயம்' படத்தின் 'ராதே நீ என்னை விட்டு ஓடாதேடி', அப்படியே பாகவதரின் 'ராதே உனக்குக் கோபம் ஆகாதடி' வழியில் வந்தது. அவர் மாதிரி பாடத் தெரிந்த இளைஞர் பின்னணியில் நின்று பாடி மேலே போனார். பாகவதருக்கோ குரலும் முகமும் ஒன்று, ஒன்றை விட்டு இன்னொன்றைக் கொடுக்க முடியாது.

விடுதலையான பிறகு அவர் எடுத்த 'ராஜமுக்தி' 1948-ல் வந்தது. அதில் இருந்த பெயர்களைப் பாருங்கள். வசனம் புதுமைப்பித்தன், அந்தப் படத்துக்காகப் புனே போய்க் காசநோயோடு திரும்பி அதே வருஷம் இறந்து போனார். பின்னணி பாட வந்தவர் எம்.எல். வசந்தகுமாரி. துணை வேடத்தில் எம்.ஜி.ஆர்., கூடவே வி.என். ஜானகி, பானுமதி. தமிழ் சினிமாவின் அடுத்த முப்பது வருஷம் மொத்தமும் அந்த செட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நடுவில் அதே ராஜா வேடத்தில், அதே பாட்டோடு பாகவதர். படம் ஓடவில்லை. 1952-ல் 'அமரகவி', 'சியாமளா', 1957-ல் அவரே இயக்கிய 'புதுவாழ்வு', இறந்த பிறகு 1960-ல் 'சிவகாமி'. மொத்தம் நடித்த 14 படத்தில் சிறைக்குப் பிந்திய இந்த ஐந்தும் அவரைத் தூக்கிவிடவில்லை. நீரிழிவு உடம்பைத் தின்றது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தபோது வயது 49தான்.

இவரைப் பழம்பெருமை பிடித்தவர், காலத்துக்கு ஏற்ப மாறத் தெரியாதவர் என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபமே வரும். மாறுவதற்கு அவரிடம் வேறொன்று இருந்திருக்க வேண்டாமா? தன்னிடம் இருந்த ஒரே செல்வத்தை அவர் கடைசி வரை கொடுத்துக்கொண்டே இருந்தார், கச்சேரி மேடையில் அதைக் கேட்க ஆட்கள் வந்துகொண்டும் இருந்தார்கள். கேமராவுக்குத்தான் அது வேண்டாமல் போயிற்று.

இப்போது கலைவாணரைப் பாருங்கள். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை. வெளியே வந்த இரண்டு வருஷத்தில் 'நல்லதம்பி'யை அண்ணாவை எழுத வைத்து எடுத்தார், கிந்தனார் என்ற நகைச்சுவைக் கதாகாலட்சேபம் அதில்தான். 1951-ல் 'மணமகள்' இயக்கினார், வசனம் கலைஞர், நாயகி பத்மினி. 1952-ல் 'பணம்', நாயகன் சிவாஜி. யாரெல்லாம் புதிதாக வருகிறார்களோ அவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தன் படத்துக்குள் வைத்துக்கொண்டார். நகைச்சுவை நடிகராக இருந்ததும் அவருக்கு உதவியிருக்கிறது, அழகும் இளமையும் அவருடைய மூலதனமாக இருந்ததில்லை. ஊரில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை, சிறையிலிருந்து வந்தும் அதையே செய்தார்.

ராஜகுமாரி மூன்றாவது வழி. 1944-ல் அத்தனை பேரையும் கிறங்கடித்தவர், 1948-ல் 'சந்திரலேகா'வில் நாயகி, 1954-ல் 'மனோகரா'வில் வசந்தசேனை என்ற வில்லி. பத்தே வருஷத்தில் கனவுக்கன்னியிலிருந்து சூழ்ச்சிக்காரி, அதையும் எவ்வளவு திமிரோடு செய்திருக்கிறார் பாருங்கள். அதே 'மனோகரா'வில் பொங்கி எழச் சொல்லும் தாய் யார்? கண்ணாம்பா. 1941-ல் 'அசோக்குமார்' படத்தில் பாகவதரோடு நடித்தவர். ஆக, பாகவதரோடு நடித்த இரண்டு பெண்கள் 1954-ல் வேறு வேடங்களில் புதுசாக நின்றார்கள், அந்த வருஷம் பாகவதருக்குப் படமே இல்லை. ராஜகுமாரி தியாகராய நகர் பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே தியேட்டர் கட்டினார், 1963-ல் 'வானம்பாடி'யோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார், 1999-ல் இறக்கும் வரை விளம்பர வெளிச்சத்துக்கு வராமலே வாழ்ந்தார்.

பெண்களைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பழைய புகழைப் பிடித்துக்கொண்டு தொங்குவது என்று நாம் பேசும்போது பெரும்பாலும் ஆண்களைத்தான் பேசுகிறோம், காரணம் நடிகைகளுக்கு அதற்கான அவகாசமே சினிமா கொடுத்ததில்லை. 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடியாக வந்தவர் பண்டரிபாய். 1969-ல் 'தெய்வமகன்' படத்தில் மூன்று வேடம் போட்ட சிவாஜிகளில் ஒருவருக்கு மனைவி, மற்ற இருவருக்கு அம்மா. 1992-ல் 'மன்னன்' படத்தில் ரஜினி 'அம்மா என்றழைக்காத உயிரில்லையே' என்று பாடுவது அவரைப் பார்த்துத்தான். நாயகனுக்கு முப்பது வருஷம் கிடைத்தால் நாயகிக்குப் பத்து வருஷம்கூட நிச்சயமில்லை. அவர்கள் சீக்கிரமே வேடம் மாறினார்கள், மாற வேண்டியிருந்தது, அந்தக் கட்டாயமே பலரை நல்ல நடிகைகளாகக் கடைசி வரை வைத்திருந்தது. சௌகார் ஜானகி 1950-ல் அறிமுகமாகி 2020-லும் தமிழ்ப் படத்தில் நடித்தார். நியாயமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் விளைவு அப்படி.

இந்திப் பக்கம் ராஜேஷ் கன்னாவை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. 1969-ல் 'ஆராதனா', அடுத்த இரண்டு மூன்று வருஷம் அவர் தொட்டதெல்லாம் வெற்றி. இந்தியாவில் சூப்பர் ஸ்டார் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதே அவரிடம்தான். 1971-ல் 'ஆனந்த்' படத்தில் அவருக்குத் துணையாக நடித்த உயரமான புது நடிகர் அமிதாப் பச்சன், 1973-ல் 'சஞ்சீர்' மூலம் ஆட்டத்தையே மாற்றிவிட்டார். கன்னாவின் உச்சம் அவ்வளவு குறுகியது. அதற்குப் பின்னாலும் அவருக்கு வெற்றிகள் உண்டு, 1983-ல் 'அவதார்' படத்தில் பிள்ளைகளால் கைவிடப்பட்ட அப்பாவாக நடித்தார், படம் நன்றாக ஓடியது. ஜனங்கள் அவரை வயதானவராக ஏற்கத் தயாராக இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் மேலும் சில வருஷம் நாயக வேடங்களிலேயே தொடர்ந்தார். பிறகு அரசியல், 1992 முதல் 1996 வரை புது தில்லி எம்.பி.

2012-ல் ஒரு மின்விசிறி விளம்பரத்தில் வந்தார். ஒடுங்கிப் போன உடம்பு, கன்னம் ஒட்டியிருக்கும், தலையை மட்டும் அந்தப் பழைய பாணியில் சாய்ப்பார். என் ரசிகர்களை என்னிடமிருந்து யாராலும் பறிக்க முடியாது என்று சொல்வார். அப்போது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர், இவருக்கு ஏன் இந்த வேலை என்று எழுதியவர்களும் உண்டு. அந்த ஜூலை 18-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். இறுதி ஊர்வலத்தில் மும்பைத் தெருக்களில் மழையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது, அவர் விளம்பரத்தில் சொன்னது பொய்யில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவரோடு ஒப்பிட அமிதாப்தான் சரியான ஆள். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் நிலைமை இன்னும் மோசம். 1995-ல் அவர் தொடங்கிய ஏ.பி.சி.எல். என்ற படத் தயாரிப்பு நிறுவனம் கடனில் மூழ்கியது, 1997-ல் வந்த மறுபிரவேசப் படமும் போனது. அவர் தயாரிப்பாளர் யஷ் சோப்ராவிடம் போய் எனக்கு வேலை கொடுங்கள் என்று கேட்டதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிடைத்தது 'மொஹப்பதேன்' படத்தில் ஷாருக்கானுக்கு எதிரே நிற்கும் கண்டிப்பான தலைமையாசிரியர் வேடம். அதே 2000-ஆம் வருஷம் ஜூலை 3-ல் 'கௌன் பனேகா கரோர்பதி' தொடங்கியது. சினிமாக்காரர்கள் தொலைக்காட்சியைக் கீழாகப் பார்த்த நேரம் அது. அடுத்த இருபது வருஷத்தையும் தாண்டி அவர் வேலை செய்துகொண்டே இருந்தார். வேலை கேட்கக் கிளம்பிய அந்தக் காலை நேரத்தில், அவர் தன்னை ஒரு தொழிலாளியாக நினைத்தாரே தவிர முன்னாள் சக்கரவர்த்தியாக நினைக்கவில்லை. நான் மேலே பதவி, தொழில் என்று பிரித்துச் சொன்னது இதைத்தான்.

சிவாஜி இதற்கு நடுவில் எங்கோ இருக்கிறார். எண்பதுகளின் தொடக்கம் வரை மகள் வயது நாயகிகளோடு டூயட் பாடினார், அவருடைய பரம ரசிகர்களுக்கே அது கஷ்டமாக இருந்தது. 1985-ல் 'முதல் மரியாதை' வந்தது. கிராமத்துப் பெரிய மனுஷர், சத்தமே இல்லாத நடிப்பு. 1992-ல் 'தேவர் மகன்' பெரிய தேவர். அத்தனை வருஷமாக உள்ளே இருந்த நடிகர்தானே அவர், நாயகன் என்ற பதவி வழிவிட்டதும் வெளியே வந்துவிட்டார்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பெரியப்பா விஷயத்துக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் நடிகர் வாங்குவது ஒரே தடவைச் சம்பளம். படத்தின் நெகட்டிவ் உரிமை தயாரிப்பாளரிடம், அவரிடமிருந்து இன்னொருவரிடம், அப்புறம் தொலைக்காட்சி நிறுவனத்திடம் என்று கை மாறிக்கொண்டே போகும். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகைக்கு வழி பிறந்தது. நடித்தவருக்கு நடைமுறையில் ஒன்றும் வந்து சேருவதில்லை. அதனால் நடப்பது என்னவென்றால், மத்தியானம் டிவியைப் போட்டால் முப்பது வயது முகத்தோடு அவரே குதிரையில் வருகிறார், பாடுகிறார், சண்டை போடுகிறார், இந்தப் பக்கம் மாத்திரை வாங்கப் பிள்ளையிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வேறெந்தத் தொழிலில் ஓய்வு பெற்றவருக்கும் தன் இளமையை இப்படித் தினமும் எதிரே வைத்துக் காட்டுவதில்லை. அதை அவர் மறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பெரிய எதிர்பார்ப்பு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. டை அடிப்பதையும் கண்ணாடி போடுவதையும் விட்டுவிடுங்கள், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. காலம் மாறிப்போச்சு பெரியப்பா, இப்பல்லாம் உங்களை யாருக்கும் தெரியாது என்று ஒருநாளும் சொல்லாதீர்கள், அவருக்குத் தெரிந்த விஷயத்தை நீங்கள் வேறு சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம் அந்தக் கடிதம் எழுதிய வேலைக்காரர் மாதிரி இல்லாத ரசிகர்களை உண்டாக்கிக் கொடுக்கவும் வேண்டாம். சொந்தப் படம் எடுக்கலாம், இருக்கிற இடத்தை விற்று ஒரு படம் பண்ணலாம் என்று யாராவது அவரிடம் வந்து பேசினால் மட்டும் உறுதியாக நடுவில் நில்லுங்கள். பழைய நட்சத்திரங்கள் பலரைக் கடைசியில் கவிழ்த்தது சொந்தப் படம்தான்.

அவர் நூறாவது நாள் விழாவைப் பற்றி ஆரம்பிக்கும்போது பேச்சைத் திருப்பாதீர்கள், கேள்வியைத் திருப்புங்கள். ஷீல்டு யார் கொடுத்தார்கள் என்பதை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். அந்தப் படத்தில் முதல் நாள் எடுத்த ஷாட் எது, எந்த ஃப்ளோரில், கேமரா யார், செட்டில் பாட்டை ஒலிக்கவிட நாக்ரா டேப் ரெக்கார்டர் போட்டார்களா வேறு ஏதாவதா, டான்ஸ் மாஸ்டரிடம் எத்தனை டேக் வாங்கினீர்கள், மழைக் காட்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, டூப் போட்டவர் பெயர் என்ன, மதியம் ஃபைட்டர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். இதையெல்லாம் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். புகழைப் பற்றிச் சொல்லும்போது இருக்கும் அந்த விறைப்பு, வேலையைப் பற்றிச் சொல்லும்போது இருக்காது, நீங்களே பார்க்கலாம். நிஜமாகவே இந்த விவரங்கள் தேவையும்கூட. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதியே கிடையாது. எழுபதுகளின் சின்னப் படங்கள் பலவற்றுக்கும், யார் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதி வைத்த ஆளில்லை. ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு, அவரிடம் சொல்லிவிட்டே போட்டு, ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் கேளுங்கள். ஆல்பம் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு போட்டோவிலும் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை முன்பக்கம் இறங்கிவிடும். வருஷமோ ஸ்டூடியோ பெயரோ தப்பாகச் சொன்னால் அந்த நேரத்தில் திருத்தாதீர்கள், பழைய பேப்பர் விளம்பரங்களோடு பிறகு ஒப்பிட்டுச் சரி பார்த்துக்கொள்ளலாம்.